வரலாற்றுக் கட்டுரை மதிப்பீடு

வரலாற்றுக் கட்டுரை மதிப்பீடு என்பது, மாணவர் ஒரு கருத்தை முன்வைத்து அதைச் சான்றுகளால் நிறுவியுள்ளாரா எனப் பார்த்து மதிப்பெண் வழங்குவதாகும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை 2012-13இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன. இத்தகைய கட்டுரைகளுக்கு வளரறி மதிப்பீடே ஏற்ற இடம்.

எடுத்துக்காட்டு: இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நெற்கட்டும்செவல் கோட்டையைக் கர்னல் ஹெரான் 1755இல் தாக்கினார் என்பது செய்தி. பூலித்தேவரின் எதிர்ப்புக்குக் கப்பமே முதன்மைக் காரணம் என்பது கருத்து. அதற்குச் சான்று தேவை.

பத்து மதிப்பெண்ணைக் கருத்து 3, சான்று 4, விளக்கம் 2, மொழி 1 எனப் பிரிக்கலாம். இதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆசிரியரின் கருத்துக்கு மாறாக எழுதினாலும், சான்று சரியானால் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. குறைத்தால், அடுத்த முறை அந்த மாணவர் சிந்திக்கமாட்டார். நோட்ஸை அப்படியே எழுதிவைப்பார்.