டிகாஷன் நிறத்தில் ஒரு நீச்சல் குளம்

நண்பர் ஒருவர் தோட்டத்து வீட்டில் நீச்சல் குளம் கட்டினார். கொள்ளளவு 50,000 லிட்டர். போர் தண்ணீர்தான். நிரம்பிய அன்று அடியில் பதித்த ஓடுகளின் இடுக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் குளம் முழுக்க டிகாஷன் நிறம்!

யாரும் எதையும் கலக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பின் வேலை அது. நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை இரும்பு கண்ணுக்குத் தெரியாது. ப்ளீச்சிங் பவுடரின் குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்துவிடும். பிடித்துவைத்த போர் தண்ணீர் வாளியின் அடியில் காலையில் செம்மண்போலப் படிந்திருக்குமே, அதேதான். ஃபில்டரை இடைவிடாமல் ஓட்டி, அவ்வப்போது பேக்வாஷ் செய்தார், மெல்லத் தெளிந்தது.

துருவாவது கண்ணில் படுகிறது. தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் எண் படாது. குளோரின் தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கிறது: ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. கிருமியைக் கொல்வதில் முதலாவது படுசுறுசுறுப்பு, இரண்டாவது மந்தம். பிஎச் 7.5 என்றால் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. 8 ஆனால் சுறுசுறுப்பான பங்கு கால்வாசிக்குச் சுருங்கிவிடும். போட்ட பவுடர் அதேதான், செலவழித்த காசும் அதேதான். அதனால்தான் 7.2 முதல் 7.8 வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

புதுத் தண்ணீரில் இந்த எண் ஓரிடத்தில் நிற்காது. நிலத்தடியில் கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு, திறந்த குளத்துக்கு வந்ததும் மெல்ல வெளியேறும், பிஎச் ஏறும். சிமென்ட் பூச்சு புதிது என்றால் அதன் சுண்ணாம்பும் கசிந்து இன்னும் ஏற்றிவிடும். காலையில் அளந்தது சாயங்காலம் பொய்யாகிவிடுகிறது.

ஏறியதை ஆசிட் விட்டு இறக்கலாம். ஆனால், தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அந்த ஆசிடை உறிஞ்சிக்கொண்டு பிஎச்சை அசையவிடாது. இந்தத் தாங்குசக்தியைத்தான் மொத்தக் காரத்தன்மை என்கிறார்கள். 80 முதல் 120 பிபிஎம் இருந்தால் நல்லது. நண்பரின் போர் தண்ணீரில் அதற்கும் மேல். 50,000 லிட்டரில் 10 பிபிஎம் இறக்கவே 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் ஒரு லிட்டர் வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் பிரித்து விடவேண்டும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நிரப்பியவருக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. அவர் சேர்க்கவேண்டியது ஆப்ப சோடா, 10 பிபிஎம் ஏற்ற ஏறத்தாழ 840 கிராம். (ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.)

பிஎச், காரத்தன்மை, கால்சியம், வெப்பம் எல்லாம் சேர்ந்து தண்ணீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா, கரைக்குமா என்று கணக்கிடும் முறையை 1936-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்பிரட் லாங்லியர் வகுத்தார். அவர் கவலை குடிநீர்க் குழாய்கள். இன்று குளக்காரர்களுக்கும் அதுதான் கணக்கு. படியும் ரகத் தண்ணீர் வெந்நீர் அண்டாவில் போலக் குளத்து ஓட்டிலும் வெள்ளை பூசும். ப்ளீச்சிங் பவுடரிலேயே கால்சியம் உண்டு என்பதால், கடின நீருக்கு அது பொருந்தாது. நண்பர் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறிவிட்டார்.

டெஸ்ட் கிட் குப்பியில் ஃபீனால் ரெட் சொட்டு விட்டுப் பார்த்தபடியே இருந்தார். மஞ்சள் என்றால் பிஎச் குறைவு, அடர்சிவப்பு என்றால் அதிகம். நாலு நாள் சிவப்பாகவே காட்டியது. ஆறாம் நாள் காலை இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு. துண்டை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.