எத்தனை ஆண்டுக்குக் காணும் இந்த எரிபொருள்?

பூமிக்கடியிலுள்ள நிலக்கரியும் எண்ணெயும் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் காணும் என்னும் கேள்வி நாட்டில் அடிக்கடி எழுகிறது. அறிஞர்கள் பலவாறு விடை கூறுகின்றனர். ஆனால் இந்தக் கணக்கு நாஞ்சில் நாட்டு விவசாயிகளுக்குப் புதியதன்று. கன்னிப்பூவுக்காகப் பேச்சிப்பாறை திறக்கப்பட்ட நாள் முதல், "இருக்கும் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும்?" என்பதுதானே வரப்பு தோறும் பேச்சு!

ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ஆம் ஆண்டு தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்டது இவ்வணை. கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரை அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இதன் முழு உயரம் 48 அடி. கொள்ளளவு சுமார் 435 கோடி கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால் நிறைந்த அணை ஏறத்தாழ 50 நாளில் தீரும். 500 கன அடி வீதம் திறந்தால் 100 நாள் வரும். ஆகவே "50 நாள்" என்பது அணையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, மடையைப் பற்றிய செய்தியுமாகும்.

உலக எரிபொருள் கணக்கும் இதே வகுத்தல்தான். 2020 முடிவில் இருந்த இருப்பைப் பற்றிப் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி எண்ணெய் சுமார் 53 ஆண்டுக்கும், இயற்கை வாயு 49 ஆண்டுக்கும், நிலக்கரி 139 ஆண்டுக்கும் காணும். அவ்வாண்டு செலவழித்த அளவே என்றும் செலவழிப்போம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. செலவு ஆண்டுக்கு 3 சதவிகிதம் ஏறினால், அந்த 139 ஆண்டு 56 ஆண்டாகச் சுருங்கிவிடும்! நமது நாட்டிலோ நிலக்கரி நிறைய உண்டு, எண்ணெய்தான் குறைவு. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்திற்கும் மேல் கப்பலில் வருவதே.

இதில் ஒரு விந்தை. 1980-இல் இதே கணக்கைப் போட்டபோது எண்ணெய் சுமார் 30 ஆண்டுக்குத்தான் வரும் என்று விடை கிடைத்தது. நாற்பது ஆண்டு எண்ணெயை இறைத்த பிறகும் விடை 53 ஆக உயர்ந்திருக்கிறது. எண்ணெய் மண்ணுக்குள் ஊறிற்றா? இல்லை. மடைக்குக் கீழே நிற்கும் நீரை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா? அதுபோல, எடுத்தால் கட்டுபடியாகாத எண்ணெயை எவரும் இருப்பில் எழுதுவதில்லை. விலை ஏறினாலும், புதிய யந்திரம் வந்தாலும் மடை தாழ்ந்து, இருப்பு கூடிவிடுகிறது. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து இறங்கும் என்று ஹப்பர்ட் என்ற நிலவியலார் 1956-இல் சொன்னார், அப்படியே இறங்கியது. ஆனால் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியபின், 2018-இல் அந்த உச்சத்தையும் அந்நாடு தாண்டிவிட்டது.

ஆயினும் அணைக்கும் சுரங்கத்திற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. இடவப்பாதியும் துலாமழையும் பேச்சிப்பாறையை மீண்டும் நிரப்பும். நெய்வேலியை நிரப்ப மழை இல்லை. அங்கே 1957-இல் சுரங்க வேலை தொடங்கி, ஊற்றெடுத்து வரும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை எட்டினர். அப்படிவம் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

இனி இங்கிலாந்தின் கதையைப் பார்ப்போம். நிலக்கரி தீர்ந்தால் நாட்டின் செழிப்பும் தீரும் என்று 1865-இல் ஜெவன்ஸ் என்ற பொருளியலார் எச்சரித்தார். 1913-இல் அந்நாட்டு உற்பத்தி 28 கோடி டன்னைத் தாண்டி உச்சத்தை அடைந்தது. அங்கிருந்த கடைசி ஆழ்சுரங்கம் 2015-இலும், கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024-இலும் மூடப்பட்டன. நிலக்கரி இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கத்தான் செய்கிறது; முதலில் விலையும், பின்னர் புகையால் வானிலைக்கு நேரும் கேடும் அதனை அங்கேயே விட்டுவிடச் செய்தன.

ஆகவே கையிருப்பு முற்றும் தீரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, நம்மை வந்து சேருவது எப்போது நிற்கும் என்று கேட்பதே நமக்கு உகந்தது. அணையில் 20 அடி தண்ணீர் நிற்கும்போதே கடைவரம்பில் பயிர் வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பூமிக்கடியிலிருந்த எண்ணெய் அப்போது ஒரு பீப்பாய்கூடத் திடீரென்று குறைந்துவிடவில்லை. அண்மையில் 2022-இல் இலங்கையில் நடந்ததையும் அங்கத்தினர்கள் அறிவார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்ததால் நாள் கணக்கில் பெட்ரோலுக்கு வரிசை. பின்னர் பங்கீட்டு முறை. வடக்கே மண்ணெண்ணெய் இன்றி இறைப்பு யந்திரங்களும் மீன்பிடி வள்ளங்களும் முடங்கின. ஐம்பது ஆண்டுக்கான எண்ணெய் உலகில் இருந்தது; யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் ஒரு போத்தல் இல்லை.

நமக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்று நெசவாளர் கேட்கக்கூடும். மிஞ்சின் துரை அணை வேலையைத் தொடங்கிய அதே 1897-இல்தான் ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து செய்த நீலச்சாயம் விற்பனைக்கு வந்தது. நமது அவுரி வயல்கள் அதன்பின் அழிந்தன. இன்று தறியில் ஏறும் சாயமும் செயற்கை நூலும் பெரும்பாலும் எண்ணெயின் மக்களே. வயலுக்கு இடும் யூரியாவோ இயற்கை வாயுவிலிருந்து பெரிதும் செய்யப்படுவது. டீசல் எஞ்சினுக்குக் கடன் கேட்டு மனுச் செய்பவர், தவணை முடியும்வரை டீசல் என்ன விலை விற்கும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம். சூரிய வெளிச்சத்தில் ஓடும் பம்பு செட்டுக்கு முதல் அதிகம். எரிபொருட் செலவு இல்லை. ஆனால் மேகமூட்ட நாளில் அது சோம்பிவிடும் என்பதையும் மறைக்கலாகாது.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் இரண்டு மின்நிலையங்கள் உண்டு. ஒன்று 60 மெகாவாட், மற்றது 40. யந்திரத்தைச் சுழற்றிய அதே நீர் பேச்சிப்பாறைக்கு இறங்கி, கால்வாய் வழியே வயலுக்கும் வருகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை! முப்பந்தல் கணவாயில் காற்றாலைகளும் சுழல்கின்றன. ஆயினும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஒன்று மட்டும் 1,050 மெகாவாட்டுக்கென 1979 முதல் படிப்படியாக நிறுவப்பட்டது. அதற்கான நிலக்கரி பாரதீப் போன்ற கிழக்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து கடல் வழியாக வருவது. அணை வற்றி, காற்றும் ஓய்ந்த பங்குனி மாலையில் தோவாளையில் ஒரு மோட்டார் ஓடுகிறதென்றால், அதற்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு ஏதோ ஒரு கொதிகலனில் வெந்த நிலக்கரியிலிருந்து வந்ததாகவே இருக்கும்.