பழைய கையடக்கக் கணிப்பொறி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

நில அளவை, சுகாதாரக் கணக்கெடுப்பு, பயிர் மதிப்பீடு, பள்ளி வருகைப் பதிவு முதலிய பணிகளில், காகிதக் குறிப்பேட்டின் இடத்தைக் கையடக்கக் கணிப்பொறிகள் பெருமளவு பெற்றுவிட்டன. ஆண்டுகள் சில கழிந்ததும், இக்கருவிகளை அவ்வாறே வைத்துக்கொள்வதா, சில உறுப்புகளை மட்டும் மாற்றுவதா, முற்றிலும் புதியன வாங்குவதா என்னும் வினா எழுகின்றது. புதியது வேகமானது என்பதற்காகவே மாற்றுவது வீண் செலவாகும். பழையது இன்னும் ஒளிர்கின்றது என்பதற்காகவே வைத்திருப்பதும் நட்டத்தை விளைவிக்கக்கூடும். களத்தில் எழுதப்படும் பதிவு, சேரவேண்டிய இடத்தைப் பழுதின்றிச் சென்றடைகின்றதா என்பதே முடிவுக்கு அடிப்படையாக அமைதல் வேண்டும். அப்பதிவைக் கொண்டே ஒரு குடும்பத்தின் நில உரிமையோ, ஒரு மாணவரின் உதவித் தொகையோ தீர்மானிக்கப்படலாம்.

பெங்களூரின் அனுபவம்

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பெங்களூரிலேயே உள்ளது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், அந்நகரின் என்கோர் சாப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கக் கணிப்பொறியை வகுத்தனர். எளிமை, மலிவு, பன்மொழிப் பயன்பாடு ஆகியவை அதன் நோக்கங்கள். இதற்கென 1999இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. மாதிரிக் கருவி 2001இல் வெளியிடப்பட்டது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த ‘அமிதா’ என்னும் வகை 2004இல் விற்பனைக்கு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் வரை இருந்தது.

சிம்ப்யூட்டரின் கணக்கிடும் பகுதி, அதாவது ப்ராஸஸர், 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசியுடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆயினும் பெயர், எண், தேதி ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்புவதற்கு அவ்வேகம் போதுமானதாகவே இருந்தது. கர்நாடக அரசின் ‘பூமி’ நில ஆவணத் திட்டத்திலும் அக்கருவி பயன்பட்டது.

எதிர்பார்த்த அளவில் அது விற்பனையாகவில்லை. கைத்தொலைபேசிகளின் விலை விரைந்து இறங்கியது ஒரு காரணம். அதில் அமைந்த ‘ஸ்ட்ராங் ஆர்ம்’ வகை ப்ராஸஸருக்குப் பதிலாக இன்டெல் நிறுவனம் வேறொரு வகையைக் கொண்டுவந்தது. பின்னர் 2006இல் அப்பிரிவின் பெரும்பகுதியையும் வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கருவி நன்கு இயங்கினும், அதைச் சுற்றியுள்ள தொழில் நகர்ந்துவிட்டால் மாற்று உறுப்புகள் கிடைப்பது அரிதாகும் என்பதை இதனால் அறியலாம்.

சிம்ப்யூட்டரை வகுத்தோர் மற்றொன்றையும் முன்கூட்டியே சிந்தித்திருந்தனர். ஒரு கருவியைக் கிராமத்தார் பலர் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, ஒவ்வொருவர் விவரமும் அவரவர் ‘ஸ்மார்ட் கார்டு’ எனப்படும் அட்டையில் இருக்குமாறு அமைத்தனர். கருவி பொதுவானது, பதிவு உரியவருக்குச் சொந்தமானது என்பதே அதன் உட்கருத்து. பதிவும் கருவியும் இவ்வாறு பிரிந்திருந்தால், கருவியை மாற்றுவது எளிதாகும். பதிவு முழுவதும் ஒரே கருவிக்குள் சிறைப்பட்டிருந்தால், அக்கருவி பழுதுறும் நாளில் பல மாத உழைப்பும் அதனுடன் அழியும்.

முதுமையின் அறிகுறிகள்

கருவியின் எல்லாப் பகுதிகளும் ஒரே காலத்தில் முதுமை அடைவதில்லை. முதலில் தளர்வது பாட்டரியே. இன்று வழங்கும் லித்தியம் அயனிப் பாட்டரிகளிற் பல, 300 முதல் 500 முறை முழுமையாக மின்னேற்றப்பட்டபின் தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவிகிதமே தாங்கும். வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் கருவியை வைப்பது இத்தேய்வை விரைவுபடுத்தும். பாட்டரி உப்பியிருப்பின் அதனை உடனே நீக்க வேண்டும். அதற்கு மேலும் மின்னேற்றுவது தீ விபத்துக்கு இடமளிக்கும்.

அடுத்தது இயக்க மென்பொருள். களக் கருவிகள் பலவற்றில் வழங்கிய ‘விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5’ என்பதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றது. செய்திகளை மறைத்தனுப்பும் ‘டி.எல்.எஸ்.’ முறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021 மார்ச்சில் முறையாகக் கைவிடப்பட்டன. புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய கருவி பதிவுகளைத் திரட்டும். ஆனால் தலைமை அலுவலகக் கணிப்பொறி அதனுடன் தொடர்புகொள்ள மறுக்கக்கூடும். இது போன்றே, மூன்றாம் தலைமுறைத் தொலைபேசிச் சேவையை மட்டும் நம்பிய கருவிகள், அச்சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் செய்தி அனுப்ப இயலாமற் போகின்றன.

எழுத்து முறையும் கருதத் தக்கது. யூனிகோடு நியமத்தில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. எனினும், தனித்தனி எழுத்துருவுக்கென வகுக்கப்பட்ட குறியீடுகளில் பதியப்பட்ட பழைய தமிழ்ப் பெயர்கள், புதிய கருவியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றலாம். ஆகவே சில பதிவுகளை முன்னதாக மாற்றிப் பார்த்து, ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் சரியாக வருகின்றனவா என்று சோதித்தல் அவசியம்.

ஒரு சிறு கணக்கு

ஓர் ஊழியர் நாளொன்றுக்கு 40 வீடுகளுக்குச் செல்வதாகக் கொள்வோம். பழைய கருவி ஒவ்வொரு வீட்டிலும் 30 விநாடி தாமதித்தால், மொத்த இழப்பு 20 நிமிடம். அதே கருவியின் பாட்டரி, புதிதாக இருந்தபோது தாங்கிய 8 மணி நேரத்தில் 60 சதவிகிதமே இப்போது தாங்குவதாகக் கொண்டால், காலை 8 மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் 1 மணிக்கு முன்னரே நின்றுவிடும். இங்கு இழப்பு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்டது. வேகக் குறைவு கண்ணுக்கு எளிதில் புலப்படுகின்றது, ஆனால் பெரும் இழப்பு வேறிடத்தில் உள்ளது. புதிய பாட்டரி ஒன்றே இக்குறையைத் தீர்க்குமாயின், கருவியை மாற்றத் தேவையில்லை.

முடிவு செய்யும் முறை

பாட்டரி, திரைக் கண்ணாடி, இணைப்புக் கம்பி போன்ற உறுப்புகளில் மட்டும் குறை இருந்து, அவை கிடைக்கக்கூடியனவாகவும் இருப்பின், உறுப்பை மாற்றிக் கருவியை வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் ஆதரவு நின்றுவிட்டதெனில், அக்கருவியில் பொதுமக்களின் சொந்த விவரங்களைப் பதிவதை நிறுத்துவது நலம். பதிவுகளை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் வழி குறைந்துகொண்டே வந்தால், இருக்கும் வழி அடைபடுவதற்கு முன்னரே மாற்றம் செய்துவிட வேண்டும். மாற்றும்போது, ஒரு வார காலம் பழைய கருவியையும் புதியதையும் இணையாக இயக்கி, பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்புநோக்குதல் நன்று. புதியது வாங்கும்போது, மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டு வரை கிடைக்கும், பாட்டரியை எளிதில் கழற்றலாமா, பதிவுகளைப் பொதுவான வடிவில் வெளியே எடுக்கலாமா என்பவற்றை விலையுடன் சேர்த்தே கேட்டறிய வேண்டும்.

களப்பணியிலிருந்து விலக்கப்பட்ட கருவி வகுப்பறைக்குப் பயன்படலாம். அதிலுள்ள விவரங்களை முற்றிலும் அழித்து, வலைத் தொடர்பைத் துண்டித்தபின், அகராதியாகவோ, சோதனைகளின் அளவுகளைக் குறிக்கும் ஏடாகவோ ஆசிரியர்கள் அதனை உபயோகிக்கலாம். அதற்கும் உதவாத கருவியைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ சேர்த்தல் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் கழிவுகளைப் பதிவுபெற்றோரிடமே ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளன. ஒப்படைக்குமுன், பதிவுகளின் படி ஒன்று வேறிடத்தில் திறந்து படிக்கக்கூடியதாக உள்ளது என்பதைப் பொறுப்பாளர் நேரில் சரிபார்த்துக் கையொப்பமிடுதல் நல்ல வழக்கமாகும்.