நடு விலைத் துப்பாக்கியும் வியாபாரியின் கண்ணும்

விலை கூடிய சாமானை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். விலை குறைந்ததை வாங்குவதற்கு ஆசை இருந்தால் போதும். நடு விலைச் சாமானை வாங்கும்போதுதான் வியாபாரியின் கண் வேலை செய்ய வேண்டும். ஏமாறுவதும் அங்கேதான், நல்ல கொள்வனவு அமைவதும் அங்கேதான்.

கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். அங்கே நண்பர்களோடு வாத்து வேட்டைக்குப் போகப் பழகியிருக்கிறார். ஆயிரம் அமெரிக்க டொலருக்குள் அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டுமாம். "எத்தனையோ பெயர் சொல்கிறான் நானா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?" என்றார். துப்பாக்கி நமது சரக்கல்ல. ஆனால் கேள்வி நமது கேள்விதான்.

இங்கே நிலைமை வேறு

முதலில் நம் நாட்டு நிலையைச் சொல்லிவிட வேண்டும். புத்தளத்திலோ குருநாகலிலோ தென்னந்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் சிலரிடம் அனுமதிப்பத்திரமுள்ள துப்பாக்கி இருக்கக்கூடும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அது வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய அனுமதி. பயிரைக் காக்கத் தந்த பத்திரம் பறவை வேட்டைக்கான பத்திரமல்ல. நம் குளங்களுக்கும் களப்புகளுக்கும் குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. 2024 இறுதியில் தற்பாதுகாப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டதையும் மறக்க வேண்டாம். எனவே கீழே வருவது கனடாவில் இருக்கும் அந்த மகனுக்கான பதில்.

அங்கேயும் பத்திரம்தான் முதலில். பாதுகாப்புப் பயிற்சி முடித்துத் துப்பாக்கி அனுமதி பெற வேண்டும். வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசின் வேட்டை அனுமதி தனியாக வேண்டும். 2020 மே மாதத்திலிருந்து கனடா அரசு பல மொடல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்து வருவதால், வாங்க நினைக்கும் மொடலின் பெயரை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும்.

பலகை மூன்று, முதலாளி ஒருவர்

இனி சரக்குக்கு வருவோம். கடையில் பெனெல்லி, பிராங்கி, ஸ்டோகர் என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும். அமெரிக்கச் சந்தையில் அண்மைய ஆண்டுகளில் பெனெல்லி ஏறத்தாழ 1,500 டொலரிலிருந்து 2,000 டொலர் வரை. பிராங்கி அபினிட்டி ஆயிரம் டொலர் அளவில். ஸ்டோகர் எம் 3000 அறுநூறு, எழுநூறு டொலர். மூன்றும் போட்டிக் கம்பனிகள் என்று வாங்குபவர் நினைப்பார். மூன்றுமே 1526ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் பெயர் காணப்படும் இத்தாலியப் பெரெட்டா குடும்பத்தின் குழுமத்துக்குச் சொந்தமானவை. பிராங்கி இத்தாலியிலும், ஸ்டோகரின் இந்தத் துப்பாக்கி அதே குழுமத்தின் துருக்கித் தொழிற்சாலையிலும் தயாராகின்றன. மூன்றிலும் அடிப்படைப் பொறிமுறை ஒன்றே.

புறக்கோட்டையில் ஒரே இறக்குமதியாளர் மூன்று பெயரில் சரக்கு விடுவதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. அப்படியானால் 600 டொலருக்கும் 1,600 டொலருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எங்கே போகிறது? ஒரு பங்கு பெயருக்குப் போகிறது. மறு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது. உலோகத்தின் மேற்பூச்சு, உப்புக் காற்றைத் தாங்கும் தன்மை, உள்பாகங்களின் மழமழப்பு, எடைக் குறைவு, விசையின் இழுப்பு ஆகியவற்றில் வித்தியாசம் தெரியும். வருடத்தில் பத்து நாள் வேட்டைக்குப் போகிறவருக்கு நடுப்படி போதும். வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்குத்தான் மேல்படி கட்டுபடியாகும்.

துருக்கிச் சரக்கென்றால் மட்டம் என்று ஒதுக்கவும் கூடாது. கொன்யா மாகாணத்தில் பெய்ஷெகிர் பகுதியிலுள்ள ஹூலு என்ற சிற்றூரில் துப்பாக்கி செய்யும் கைவினைஞர்கள் 1962இல் கூட்டுறவு அமைத்தார்கள். சிறு பட்டறைக்காரர்களாக இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஏற்றுமதிக்கு வந்தார்கள். செக் நாட்டு சிசெட் என்ற பெயர் பெற்ற நிறுவனம் அமெரிக்காவில் தன் பெயரில் விற்ற வேட்டைத் துப்பாக்கிகள் பல அந்த ஊரில் செய்தவைதான். பெனெல்லியின் பழைய காப்புரிமை காலாவதியானதும் அதே பொறிமுறையைத் துருக்கிக்காரர் பலரும் கையில் எடுத்தார்கள். விலை இறங்கியதற்கு அதுவும் காரணம். ஆனால் துருக்கியில் தொழிற்சாலைகள் பல, தரமும் பல. எந்த நாடு என்று மட்டும் கேட்காமல், எந்தத் தொழிற்சாலை, யார் இறக்குமதி செய்கிறார், பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும்.

வாயுவா, உதைப்பா?

அரைத் தானியங்கியில் இரண்டு வகை. பெனெல்லி வழி வந்தவை, சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பையே பயன்படுத்தி, உள்ளிருக்கும் கனத்த ஸ்பிரிங் ஒன்றின் உதவியால் அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. பாகங்கள் குறைவு, உள்ளே கரி படிவதும் குறைவு. ஆனால் தோளில் உதை கூடுதலாகத் தெரியும். இலேசான தோட்டாக்களைப் போட்டால் சில வேளை இயங்காமல் நிற்கும்.

மற்ற வகை, குழலிலிருந்து சிறிது வாயுவை எடுத்துத் தண்டு ஒன்றைத் தள்ளுகிறது. பெரெட்டா ஏ 300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ் 4 இரண்டும் இந்த வகை. அவையும் ஆயிரம் டொலர் அளவில்தான். உதை மென்மை. ஆனால் கரி படியும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சோம்பேறிக்கு முதல் வகை, தோள் வலிக்கு அஞ்சுகிறவருக்கு இரண்டாம் வகை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அளவு விடயத்தில் ஆசை வேண்டாம். 12 போர், 28 அங்குலக் குழல், 3 அங்குலத் தோட்டா அறை ஆகியவை வாத்துக்குப் போதும். மூன்றரை அங்குலத்துக்குக் கூடுதல் பணமும் கொடுத்துக் கூடுதல் உதையும் வாங்கத் தேவையில்லை. கனடாவில் வாத்துக்கு ஈயச் சன்னம் கூடாது, உருக்குச் சன்னம் போன்றவையே போட வேண்டும். குழல் உருக்குச் சன்னத்துக்கு ஏற்றதா என்று எழுத்தில் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான். மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி தடுப்புக்கட்டை போடவும் அங்கே சட்டமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தால் குழலின் நுனி நேராகத் தெரிய வேண்டும். செருப்பை எப்படிக் காலில் போட்டுப் பார்த்து வாங்குகிறோமோ அப்படித்தான். பிடியைச் சற்று உயர்த்தவும் தாழ்த்தவும் தகடுகள் பெட்டியிலேயே வருகின்றனவா என்று கேளுங்கள்.

நாளை உதிரிப்பாகம் யார் தருவார்?

1816இல் தொடங்கிய அமெரிக்க ரெமிங்டன் 2018இலும் 2020இலும் வங்குரோத்தாகி, பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1963இல் வந்த அதன் 1100 மொடல் அமெரிக்க வேட்டைக்காரர் கையில் அரை நூற்றாண்டு புழங்கிய சாமான். அப்படிப்பட்ட பெயரே விழுந்ததென்றால், நேற்று முளைத்த பெயரின் பத்து வருட உத்தரவாதத்துக்கு என்ன மதிப்பு? அதிகம் விற்ற மொடலையே வாங்குங்கள். கம்பனி விழுந்தாலும் அதன் உதிரிப்பாகம் சந்தையில் விழாது.

ஒரு வார்த்தை மார்க்கம் பற்றி. பிஸ்மி சொல்லிச் சுட்டு, பறவை உயிரோடு கைக்கு வந்தால் முறைப்படி அறுக்க வேண்டும். சன்னம் பட்டே இறந்துவிட்டதை உண்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துப்பாக்கிக்குப் பணம் கட்டுமுன் மகன் தன் ஊர் ஆலிமிடம் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். உண்ணாத பறவையைச் சுடுவது வீண் விரயம்.

சகோதரருக்கு நான் சொன்ன கணக்கு இதுதான்: ஆயிரம் டொலர் கையிலிருந்தால் எழுநூறைத் துப்பாக்கிக்கு வையுங்கள். மிகுதி முந்நூறைப் பயிற்சிக்கும், தோட்டாவுக்கும், பூட்டுள்ள பெட்டிக்கும் வையுங்கள். முழுப் பணத்தையும் சாமானில் போட்டுவிட்டு, அதைப் பழகவும் பாதுகாக்கவும் பணமில்லாமல் நிற்பவனை நல்ல வியாபாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைக்குத் தராசு வாங்கினாலும், மின்பிறப்பாக்கி வாங்கினாலும் இதே கணக்குத்தான்.