மாற்றுத் திறனாளிகளும் துணை மருத்துவக் காப்பீடும்: தங்கவயல் தரும் படிப்பினை

கர்நாடக மாநிலத்தின் பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இருப்புப்பாதை, கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காக அமைக்கப்பட்டது. இன்று அப்பாதையில் விடியற்காலை வண்டிகளை நிரப்புவோர், பெங்களூரில் கூலி வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்லும் தொழிலாளர்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஏற்று நடத்தத் தொடங்கிய சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு முடிவுற்றது. சுரங்கம் மூடப்பட்டது, சுரங்கம் விளைத்த ஊனமும் நோயும் குடும்பங்களில் எஞ்சி நிற்கின்றன.

சுரங்கத் தொழிலாளியின் மருத்துவப் பாதுகாப்பு அவரது வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் மருத்துவமனையே அவருக்குப் புகலிடம். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) 'தொழிற்சாலை' என்பதற்குத் தந்த விளக்கத்தில் சுரங்கம் சேர்க்கப்படவில்லை. ஆதலின், வேலை போனபோது பாதுகாப்பும் உடன் போயிற்று.

காப்பீட்டின் இயல்பு

நிகழுமா நிகழாதா என்று தெரியாத இடரைப் பலர் கூடிப் பகிர்ந்து கொள்வதே காப்பீடு. உடற்குறையோ நாட்பட்ட நோயோ உடையவரின் செலவு ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததாகும். எனவே, வணிக முறையில் இயங்கும் நிறுவனம் அவரை மறுக்கவோ, கூடுதல் கட்டணம் கேட்கவோ, முன்னரே உள்ள நோயை விலக்கி வைக்கவோ முற்படுகிறது. காப்பீடு மிகுதியும் தேவைப்படுவோருக்கே அது எட்டாமற் போவதன் காரணம் இதுதான். இவ்விடைவெளியைச் சந்தை தானே நிரப்பாது; சட்டமும் அரசும் நிரப்ப வேண்டியுள்ளது.

மூவர் நிலை

தங்கவயல் பகுதியில் மூவகையினரை எடுத்துக் கொள்வோம். மூளை முடக்குவாதமுற்ற குழந்தை ஒருவகை. ஆழ்சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது காலை இழந்தவர் இரண்டாம் வகை. கல்தூசு நுரையீரலில் படிவதால் உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயால் மூச்சுத் திணறுபவர் மூன்றாம் வகை.

மூவரும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினராயின் அடிப்படைப் பாதுகாப்பு உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்கிய கர்நாடகத் திட்டம், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்க வகை செய்கிறது. முன்னரே உள்ள நோயைக் காரணம் காட்டி எவரும் விலக்கப்படுவதில்லை. ஆனால், இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியவை. இயன்முறைப் பயிற்சி, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஆகியவற்றின் செலவு குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. துணைக் காப்பீட்டின் தேவை இங்கேதான் எழுகிறது.

முதலாமவருக்குத் துணைக் காப்பீடு கிடைக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' திட்டம், மருத்துவப் பரிசோதனை கேட்காமலேயே 1 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. புறநோயாளிச் சிகிச்சையும் பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். ஆயினும், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கு மட்டுமே அது உரியது.

காலை இழந்தவருக்கு அக்கதவு திறப்பதில்லை. அவரைப் போன்றோருக்காக 2015-இல் அறிமுகமான 'ஸ்வாவலம்பன்' காப்பீட்டுத் திட்டம் 2 லட்சம் ரூபாய் வரை காப்பளித்தது. அது தொடர்ந்து நடைபெறவில்லை. ஆதலின், அவர் பொதுச் சந்தையையே நாட வேண்டியவராகிறார். அங்கு அண்மையில் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. மாற்றுத் திறனாளிகளுக்கென ஒரு காப்பீட்டையேனும் ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2023 பிப்ரவரியில் பணித்தது. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. எனினும், ஓய்வூதியமின்றி வாழும் முதியவருக்கு வரி நீங்கிய கட்டணமும் பெருஞ்சுமையே.

மூன்றாமவரின் நிலை இவ்விருவரினும் இடர் மிக்கது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அப்பட்டியலில் நுரையீரல் நோய் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோயாக ஏற்றது. ஆனால், பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் அவருக்கு மாற்றுத் திறனாளி அடையாள அட்டை கிடைப்பதில்லை. அட்டையின்றிச் சலுகையும் இல்லை. இந்நோயாளருக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, உதவித்தொகையும் ஓய்வூதியமும் வழங்க முடியும் என்பதை ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் காட்டியுள்ளது.

செய்ய வேண்டுவன

வேறு எந்த அரசுக் காப்பீட்டிலும் சேராத மாற்றுத் திறனாளிகளுக்கு முழுமையான காப்பீட்டுத் திட்டம் வகுப்பதை, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அரசின் பொறுப்பாக வைத்துள்ளது. அரசு அறிவிக்கும் பிற வகைக் குறைபாடுகளைப் பட்டியலில் சேர்க்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, நுரையீரல் நலிவை அதில் சேர்ப்பது குறித்து ஆராய்வது முதற்பணி. நிராமயாவின் நான்கு வகை வரம்பை விரிப்பது இரண்டாவது. சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு, நடக்க இயலாதவரின் ஊருக்கே சென்று முகாம் நடத்துவது மூன்றாவது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மாவட்ட நிர்வாகத்தின் முனைப்பே போதும்.

நிலத்தடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்துத் தந்தவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். பட்டியல் விரிவடையும் வரை அவர்களின் நோய் காத்திருக்காது என்பதை நிர்வாகம் நினைவிற் கொள்ளுதல் நலம்.