இயந்திரம் வரும், இயக்கும் மொழி எது?

புது தில்லி: அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் 50 ஆயிரம் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கலான பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். நீதி ஆயோக்கின் கீழ் 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கம் அதற்கு முன்பே சுமார் 10 ஆயிரம் பள்ளிகளில் இவற்றை அமைத்துவிட்டது. இத்திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு ரூ. 20 லட்சம் வரை மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது.

ஆக, கருவி வாங்கப் பணம் உண்டு. ஆனால், அக்கருவியை மாணவர்கள் தாமாகவே இயக்குவார்களா, அல்லது அது உறை போர்த்தப்பட்டு மூலையில் கிடக்குமா என்பதை முடிவு செய்வது மென்பொருள்தான். மேசை மீது வைத்து இயக்கும் சிறிய மில்லிங் இயந்திரங்களின் வரலாறு இதைத் தெளிவாக உணர்த்துகிறது.

அச்சிடுவதும் வெட்டுவதும்

பள்ளி ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் முப்பரிமாண அச்சு இயந்திரம், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்குகிறது. மில்லிங் இயந்திரம் இதற்கு நேர்மாறானது. மரம், மெழுகு, அலுமினியம் போன்றவற்றின் கட்டியைச் சுழலும் கட்டரால் செதுக்கி, வேண்டிய வடிவத்தைத் தருகிறது. மின்சுற்றுப் பலகைகளை ரசாயனம் இன்றி ஆய்வகத்திலேயே செய்துகொள்ளவும் இது உதவும்.

அச்சு இயந்திரத்தில் தவறு நேர்ந்தால் சிறிது பிளாஸ்டிக் வீணாகும். மில்லிங்கில் கட்டர் ஒடியும். மின்சுற்றுப் பலகை செதுக்கும் கட்டரின் முனை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. கட்டி எங்கே பொருத்தப்பட்டுள்ளது, எந்தக் கட்டர் மாட்டப்பட்டுள்ளது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் ஆகிய நான்கில் ஒன்று பிழையானாலும் வேலை கெடும். அங்குலத்தில் தந்த அளவை இயந்திரம் மில்லிமீட்டர் எனக் கொண்டாலும் அதே கதிதான். இரண்டு முறை கட்டர் ஒடிந்தால், மூன்றாம் முறை மாணவர்களை அருகில் விட ஆசிரியர் தயங்குவது இயல்பு.

தொழிற்சாலையின் மரபு

இச்சிக்கலுக்கு வேர் உண்டு. எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரம் 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது. அந்த மரபில் வந்த 'ஜி-கோடு' கட்டளைகளே இன்றளவும் பெரும்பாலான இயந்திரங்களை இயக்குகின்றன. பயிற்சி பெற்ற தொழிலாளி அருகில் இருப்பார் என்ற எண்ணத்தில் எழுந்த மொழி அது. எட்டாம் வகுப்பு மாணவர் அதன் கணக்கில் இல்லை.

மாற்றுவழி தேடியவர்களும் உண்டு. எம்ஐடி பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் குழுவினரின் மென்பொருளில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தையே உள்ளீடாகத் தரலாம். செய்ய வேண்டிய வேலையையும் இயந்திரத்தையும் தேர்ந்தெடுத்தால், வெட்டும் பாதையை அது கணக்கிட்டுவிடும். சான் பிரான்சிஸ்கோவின் 'அதர் மெஷின்' நிறுவனம் 2013-இல் அறிமுகம் செய்த இயந்திரத்தின் மென்பொருள், வெட்டப்போவதைத் திரையில் முன்கூட்டியே காட்டியது. கட்டர் உலோகப் பரப்பைத் தொட்டவுடன் மின்சுற்று நிறைவடைந்து, உயரத்தை இயந்திரமே அறிந்துகொள்ளும் வசதியும் அதில் இருந்தது. ஆனால், அந்த மென்பொருள் தொடக்கத்தில் ஆப்பிள் கணினிகளில் மட்டுமே இயங்கியது. நிறுவனமும் 2017-இல் கைமாறியது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பாபல் காட்டிய வழி

இந்தியாவுக்கு இது புதிய களமன்று. மகாராஷ்டிரத்தில் புணே அருகே உள்ள பாபல் கிராமத்தில் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983-இல் விஞ்ஞான் ஆசிரமத்தை நிறுவினார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்குச் செய்முறைக் கல்வி அளித்த அந்த இடத்தில், 2002-இல் எம்ஐடி ஒத்துழைப்புடன் 'ஃபேப் லேப்' தொடங்கியது. பாலின் தரத்தைச் சோதிக்கவும், டீசல் என்ஜினின் திறனைக் கூட்டவும் அங்கு கருவிகள் உருவாக்கப்பட்டன. தங்களுக்குத் தேவையான கருவியைக் கிராமத்தினரே செய்துகொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

மொழி விஷயத்தில் கேரளம் முன்னோடி. அம்மாநில அரசுப் பள்ளிகள் 2000-களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. மலையாளத்திலும் கணினியை இயக்க வழி செய்யப்பட்டது. சிறிய மில்லிங் இயந்திரங்களை இயக்கப் பரவலாகப் பயன்படும் 'ஜிஆர்பிஎல்' என்பதும் கட்டற்ற மென்பொருளே. அதன் மீது இந்திய மொழிகளில் எளிய திரையை அமைக்க நமது பொறியியல் கல்லூரிகளால் இயலும்.

அடல் புத்தாக்க இயக்கத்தை 2028 மார்ச் வரை ரூ. 2,750 கோடியில் நீட்டிக்க மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் புத்தாக்கத்தை வளர்க்க 30 வட்டார மொழி மையங்கள் அமைப்பதும் அதில் அடங்கும். பிழைச் செய்திகளைத் தமிழிலும் ஒடியாவிலும் சந்தாலியிலும் தரும் மென்பொருளை உருவாக்கும் பொறுப்பை இம்மையங்களிடம் அளிக்கலாம்.

எளிமை என்பது அறியாமையா?

எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிட்டால் மாணவர் என்ன கற்பார் என்ற கேள்வி நியாயமானது. நாளை ஐடிஐ-யில் சேர்பவருக்கு ஜி-கோடு தேவைப்படும். ஆனால், எளிமை என்பது மறைப்பதாக இருக்க வேண்டியதில்லை. பொருளின் பெயரைச் சொன்னதும் மென்பொருள் வேகத்தை நிரப்பட்டும்; எதனால் அந்த வேகம் என்பதை விரும்பும் மாணவர் திறந்து பார்த்து மாற்றட்டும். முதல் நாளிலேயே கட்டரை ஒடித்து அஞ்சி ஒதுங்கிய மாணவர் ஜி-கோடு வரை வரப்போவதே இல்லை.

ஆய்வகங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் மாநில வாரியான எண்ணிக்கையும் ஒதுக்கிய தொகையும் பதிலாகக் கிடைக்கின்றன. இனி உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை வேறு. ஒவ்வோர் இயந்திரமும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடியது? அதை இயக்கியது ஆசிரியரா, மாணவரா? திரையில் தோன்றிய எச்சரிக்கை அந்த மாணவருக்குப் புரிந்த மொழியில் இருந்ததா? 50 ஆயிரம் ஆய்வகங்களின் பயன் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.