குழாயின் நீளமும் குடத்தின் நீரும்

குடாநாட்டின் எந்த வீதியாற் சென்றாலும் திறப்புவிழாக் கற்கள் கண்ணிற் படும். குளத்தங்கரையில் ஒன்று, சந்தை வாசலில் ஒன்று, மதகடியில் ஒன்று. திறந்து வைத்தவரின் திருநாமமும் திறந்த திகதியும் அவற்றில் தவறாமற் பொறிக்கப்பட்டிருக்கும்; சில கற்களில் செலவான தொகையும் இருக்கும். அந்தக் குளத்து நீர் பின்னர் எத்தனை வயல்களை எட்டியது, அந்த மதகு எத்தனை மாரிகளைத் தாங்கியது என்று அறிவிக்கும் கல் ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. கல் நாட்டியவர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமன்று. திறப்புவிழா நாளில் அக்கேள்விக்கு விடை யாருக்குத்தான் தெரியும்? ஆனால் பத்தாண்டு கழிந்த பின்னும் அக்கேள்வியை ஒருவரும் கேளாதிருப்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

சந்தையிலே அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கும் இல்லத்தரசி தராசின் முள்ளைப் பார்க்கிறாள். சொத்தை இருந்தால் எடுத்து எறிகிறாள். அவளுடைய வீட்டுக்காகவே அரசாங்கம் கோடிக்கணக்கிற் செலவு செய்கிறது. அப்பணம் அவள் வாங்கும் சீனியிலிருந்தும் சவர்க்காரத்திலிருந்தும் வரியாகச் சென்ற பணம். கடனாக வந்த பணமென்றால், அவள் பிள்ளைகள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதற்கும் ஒரு தராசு வேண்டாமா? நமது குடாநாட்டின் தண்ணீரை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அத்தராசு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை. வழுக்கையாறு என்று பெயரளவில் ஒன்று உண்டு. அதுவும் மாரியிலே மாத்திரம் தன் பெயரை நிலைநாட்டிவிட்டு மறைந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் பொந்துகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. பாலின் மேல் ஆடை படிந்திருப்பது போன்றது அது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநூலார் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறைந்தால், கீழே உவர் எவ்வளவு ஏறும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

இந்த நன்னீரைப் பெருக்குவதற்கு வகுக்கப்பட்ட பெரிய திட்டம் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்களுடையது. 1954 இல் அவர் முன்வைத்த அத்திட்டத்தை ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்றே இன்றும் மக்கள் பேசிக்கொள்கின்றனர். ஆனையிறவுக் கடல்நீரேரியின் இரு வாய்களையும் அடைத்து, கனகராயன் ஆறு முதலியன கொண்டுவரும் வெள்ளத்தை அங்கே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் அனுப்புவது அதன் சாரம். கடல்நீர் உள்ளே புகாதபடி தொண்டைமானாற்றில் ஓர் அணை 1953 இலும், அரியாலையில் ஓர் அணை 1955 இலும் நிறைவெய்தின. ஆனையிறவிலும் வேலை நடைபெற்றது. ஆனால் சுண்டிக்குளத்து அணைக்கட்டை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை.

இது வெற்றியா, தோல்வியா? அணைகளை எண்ணினால் பாதி வெற்றி. மக்களுக்கு வேண்டியதோ அணையன்று, கிணற்றிலே நன்னீர். தொண்டைமானாற்றுக் கதவுகள் மரப்பலகைகளால் ஆனவை. உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் பலகை எத்தனை ஆண்டுக்குத் தாங்கும்? அது உக்கியதும் கடல் உள்ளே வந்தது. பின்னர் போர்க்காலம், பழுது பார்ப்பதற்கு யாரும் அணுக முடியாத நிலை. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவோர், ஆண்டுதோறும் பலகை மாற்றுவதற்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். பலகை மாற்றுவதற்குத் திறப்புவிழா இல்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்!

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அணை கட்டிய மறு ஆண்டில் அயற்கிணறுகள் இனித்தன என்று வைத்துக்கொள்வோம். அது அணையின் உபகாரமா, அல்லது அவ்வாண்டு மாரி நன்றாகப் பெய்ததன் பலனா? முன்பு இப்படி, பின்பு இப்படி என்று மாத்திரம் ஒப்பிட்டால், வருணன் செய்த உதவியை அதிகாரி தம் கணக்கில் எழுதிக்கொள்வார். மழை பொய்த்தாலோ நல்ல திட்டமும் பழி சுமக்கும். ஆதலால் அணையின் பலன் எட்டும் ஊர்க் கிணறுகளையும், எட்டாத ஊர்க் கிணறுகளையும் ஒரே நாளில், ஒரே முறையில், கட்டுவதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். மழை இரண்டு ஊர்களுக்கும் பொது. அணை ஒன்றுக்கே உரியது. வித்தியாசத்திலேதான் உண்மை இருக்கிறது.

பிற தேசங்களில் இம்முறையை ஏட்டோடு நிறுத்தாமற் செய்து பார்த்திருக்கின்றனர். ஏழைக் குடும்பங்களுக்குப் பணவுதவி அளிக்கும் ஒரு திட்டத்தை 1997 இல் தொடங்கிய மெக்சிக்கோ அரசு, ஆராய்ச்சிக்கென 506 கிராமங்களைத் தெரிந்து, சீட்டுப் போட்டாற்போல 320 கிராமங்களுக்கு முதலிலும் 186 கிராமங்களுக்குப் பின்னரும் உதவி வழங்கி, இடைக்காலத்தில் இரு சாராரையும் ஒப்பிட்டது. எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே நாளில் கொடுக்க எப்படியும் இயலாது. யாருக்கு முதலில் என்பதைச் சீட்டு முடிவு செய்ததால் அநீதியும் இல்லை, அரசியற் செல்வாக்கும் இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் கென்யாவிலே கிடைக்கிறது. பொருளியலுக்கான நோபல் பரிசை 2019 இல் பெற்ற மூவருள் ஒருவரான மைக்கல் கிரெமரும் அவருடைய சகாக்களும், அந்நாட்டின் மேற்குக் கிராமங்களில் மக்கள் நீரெடுக்கும் ஊற்றுக்களைச் சீமெந்தினாற் கட்டிக் குழாய் வைத்துக் காப்பதன் பயனை ஆராய்ந்தனர். ஊற்று வாயிலே நீரின் மல அசுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. கண்காணிப்பாளர் அங்கேயே அளந்துவிட்டுப் போயிருந்தால் பெரிய வெற்றி என்று எழுதியிருப்பார். இவர்களோ வீடுவரை சென்று பானையிலிருந்த நீரையும் சோதித்தனர். அங்கே குறைந்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். வழியிலே கையும் பாத்திரமும் பட்டு நீர் மீண்டும் கெட்டது. ஆயினும் சிறுவர்களின் வயிற்றோட்டம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே திட்டம் வீணுமன்று. ஊற்றில் அளந்தால் ஒரு விடை, பானையில் அளந்தால் வேறு விடை. குழந்தை குடிப்பது பானை நீரையே.

நமது மண்ணுக்கு மீள்வோம். ஒரு திட்டத்தின் வெற்றியே இன்னொன்றுக்கு நஞ்சாவதும் உண்டு. துலாவில் ஏறி நடந்து இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கியது. 1962 இல் நெல்லுக்கென உரமானியம் தொடங்கியது. 1970 இல் பதவியேற்ற அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, நம் வெங்காயமும் மிளகாயும் பொன்விலை பெற்றன. தோட்டக்காரர் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அதனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பயிர் உண்ணாத யூரியா மழையோடு மண்ணில் இறங்கி நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைந்தது. இரண்டு பரப்புக் காணிக்குள்ளே கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். மலசலகூடங்களை மாத்திரம் எண்ணும் சுகாதாரத் திட்டம், குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்காவிட்டால் பாதிக் கணக்கையே பார்த்ததாகும்.

(உரத்தைப் பற்றிப் பேசும்போது 2021 நினைவுக்கு வராமற் போகாது. இரசாயன உர இறக்குமதியை அவ்வாண்டு வைகாசியிலே நாடு முழுவதற்கும் ஒரேயடியாக நிறுத்தி, கார்த்திகையிலே அரசு பின்வாங்கியது. ஒரு மாவட்டத்தில் ஒரு போகம் சோதித்துப் பார்த்திருந்தால் எத்தனை வயல்கள் தப்பியிருக்கும்!)

நைத்திரேற்று என்றால் ஏதோ ஆய்வுகூடச் சொல் என்று தாய்மார் கடந்துவிடலாகாது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். இந்நீரிற் கரைத்த மாப்பாலை உண்ணும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாது போகலாம்; உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பால் மாத்திரம் உண்ணும் குழந்தைக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. எந்தத் தண்ணீர்த் திட்டத்தையும் நிறுக்கும்போது, அத்தராசின் ஒரு தட்டில் இந்தக் குழந்தையே இருக்கிறது.

போர் முடிந்தபின், 2010 இல், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் உருப்பெற்றது. இரணைமடுவிலிருந்து நீர் வருவதாயிருந்தது. தங்கள் வயலுக்கே நீர் போதாதென்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவர்கள் அச்சம் அற்பமானதன்று. முடிவில் கடல்நீரை நன்னீராக்குவதென்று தீர்மானமாயிற்று. தாளையடியில் அமைந்த அந்நிலையம் 2024 ஆகஸ்ட் 2 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர், ஏறக்குறைய 3 இலட்சம் மக்களுக்கு என்பது அறிவிப்பு.

வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 80 லீற்றர். நால்வர் குடும்பத்துக்கு 320 லீற்றர், ஏறக்குறைய இருபது குடம். குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் இக்கணக்கு நிலையத்தின் வாசலில் போட்டது. வழியிற் கசிந்தது எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வீட்டுக் குழாயில் நீர் வருகிறது என்பவை வேறு கேள்விகள். கடல்நீரிலிருந்து ஒரு கன மீற்றர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். நிலையம் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு! மின்கட்டணம் ஏறும்போது யார் ஏற்பது, சவ்வுகள் தேய்ந்தால் எந்த நிதியிலிருந்து மாற்றுவது என்பவற்றை இப்போதே கேட்காவிட்டால், தொண்டைமானாற்றுப் பலகைகளின் கதை வேறு வடிவில் வந்து சேரும். மீண்டும் கடலுக்குள் விடப்படும் செறிந்த உப்புநீர் பற்றி அக்கரையோர மீனவர் கேட்ட கேள்விக்கும், வலையில் விழும் மீனை ஆண்டுக்காண்டு கணக்கெடுத்தே விடை சொல்ல வேண்டும்.

இணைப்புப் பெற்ற வீடுகள் எத்தனை என்பது ஒரு தொகை. அவற்றுள் எத்தனை வீடுகளில் காலைத் தேநீருக்குக் கேத்தில் குழாய்நீரோடு அடுப்பில் ஏறுகிறது என்பது வேறொரு தொகை. கிணற்று நீரின் சுவையிற் பழகிய நாவு எளிதில் மாறாது. மாதக் கட்டணமும் மனத்தைத் தடுக்கும். குழாய் முற்றத்திலே நிற்க, குழந்தையின் போத்தலுக்குக் கிணற்று நீரே போகுமாயின், அந்த வீட்டைப் பொறுத்தமட்டில் திட்டம் இன்னும் தொடங்கவேயில்லை.

இவற்றைக் கேட்பதற்கு வழியில்லை என்று சோர வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசியக் கணக்காய்வுச் சட்டம், செலவு முறையானதா என்பதோடு பயன் கிட்டியதா என்பதையும் ஆராயக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு இடமளிக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் ஒரு திணைக்களத்திடம் நீர்ச் சோதனை முடிவுகளை எழுதிக் கேட்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை.

நம்மாலும் ஆவதுண்டு. குழாய் வந்த ஒரு குறிச்சியிலும் வராத ஒரு குறிச்சியிலும் பத்துப் பத்துக் கிணறுகளை ஓர் உயர்தர விஞ்ஞான வகுப்பு தெரிந்துகொள்ளட்டும். ஆண்டுக்கு இருமுறை போதும்: உவர் மிகுந்து நிற்கும் புரட்டாதிக் கடைசியில் ஒருமுறை, மாரி ஓய்ந்த தையிலே ஒருமுறை. உப்பும் நைத்திரேற்றும் அளந்து, அவ்வீட்டார் எந்த நீரைக் குடிக்கின்றனர் என்பதையும் கேட்டு, ஒரே கொப்பியில் எழுதி வரவேண்டும். வகுப்பு மாறும்போது கொப்பி அடுத்த வகுப்புக்குச் செல்லட்டும். குழாய் இன்னும் எட்டாத ஊர்களிலே முதற் பக்கத்தை இந்தப் புரட்டாதிக்குள் எழுதிவிடுவது நல்லது. குழாய் வந்தபின் அந்தப் பக்கத்தை எழுத முடியாது.